பிரவுசரிலேயே ஒலியோடும் இசையோடும் விளையாடுவது எப்படி

குரோம் மியூசிக் லேப், இன்க்ரெடிபாக்ஸ், ஸ்ட்ரூடல் போன்ற தளங்களைத் திறக்க மென்பொருள் இறக்க வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், இசை தெரிந்திருக்கவும் வேண்டாம். அந்தச் சுலபத்திலேயே ஒரு குறையும் இருக்கிறது. எதைத் தட்டினாலும் ஏதோ ஒன்று கேட்கும். அதனால் எதையும் உற்றுக் கேட்காமலே ஐந்து நிமிடத்தில் அலுத்துப்போகும். காதுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு உள்ளே போனால் அதே தளம் மணிக்கணக்கில் தாங்கும். எந்தத் தளத்தில் காதுக்கு என்ன வேலை கொடுக்கலாம், அதைச் செய்யவிடாமல் குறுக்கே வருவது எது என்பதுதான் இந்த வழிகாட்டி.

முதலில், சத்தம் வர வேண்டும்

பக்கம் திறந்ததும் அமைதியாக இருந்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போகவில்லை. பயனர் ஒரு முறையாவது தட்டாமல் எந்தப் பக்கமும் தானாக ஒலி எழுப்பக்கூடாது என்பது இன்றைய பிரவுசர்களின் விதி. பக்கத்தின் நடுவில் ஒரு தட்டு தட்டுங்கள். அதற்கும் அசையாவிட்டால் டேப்பின் மேல் ஸ்பீக்கர் படம் குறுக்குக் கோட்டோடு இருக்கிறதா பாருங்கள், டேப்பை மட்டும் மியூட் செய்திருக்கலாம். ஐபோனில் இன்னொரு காரணம் உண்டு: சைலன்ட் நிலையில் இருந்தால் வீடியோ தளங்களில் சத்தம் வரும், இசை விளையாட்டுத் தளங்களில் பெரும்பாலும் வராது. சைலன்ட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தை மறுபடி திறந்தால் சரியாகும்.

பக்கம் ஃப்ளாஷ் என்ற பழைய செருகுநிரலைக் கேட்டால் அங்கே நேரத்தைச் செலவிட வேண்டாம். அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு ஃப்ளாஷை நிறுத்திவிட்டது. பழைய ஒலி விளையாட்டுகள் நிறைய அதோடு போயின. இன்று இயங்குபவை பெரும்பாலும் வெப் ஆடியோ என்ற தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டவை. அது 2021 ஜூனில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் முறையான பரிந்துரைத் தரமானது. புதிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் உண்டு.

அடுத்து, நேரத்துக்கு வர வேண்டும்

இங்கேதான் பலர் தங்களுக்குத் தாளம் வராது என்று தவறாக முடிவு கட்டிவிடுகிறார்கள். ப்ளூடூத் இயர்ஃபோன் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரித்துத் தருவதற்குள் பெரும்பாலும் 150 முதல் 250 மில்லி விநாடி கடந்துவிடும். நிமிடத்துக்கு 120 பீட் (தாள அடி) என்ற டெம்போவில் (வேகத்தில்) ஒரு பீட் 500 மில்லி விநாடி, அதன் கால் பங்கு 125. நீங்கள் தட்டியது காதுக்கு வருவதற்குள் தாளம் கால் பீட்டுக்கு மேல் நகர்ந்துவிட்டது. அதைக் கேட்டுக்கொண்டு யாராலும் சரியாக வாசிக்க முடியாது. ஒயர் இயர்ஃபோனையோ கணினியின் சொந்த ஸ்பீக்கரையோ பயன்படுத்துங்கள்.

சோதிக்க ஒரு எளிய வழி: ஏதாவது டிரம் தளத்தில் ஒரு விசையை அழுத்தமாகத் தட்டுங்கள். விசையின் 'டக்'கும் டிரம்மின் சத்தமும் ஒன்றாக விழுந்தால் போதும். இரண்டு தனித்தனிச் சத்தமாகக் கேட்டால் தாமதம் அதிகம். கட்டத்தில் புள்ளி வைத்துவிட்டு ஓடவிடும் தளங்களில் இந்தத் தாமதம் தொல்லை தராது, ஏனென்றால் அங்கே வாசிப்பது பிரவுசர்தான். ப்ளூடூத் தவிர வேறு இல்லை என்றால் அந்த வகைத் தளங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத்தில் இன்னொரு சிக்கல், மைக்கை இயக்கியதும் தெரியும். அதே இயர்ஃபோன் மைக்காகவும் வேலை செய்யத் தொடங்கினால் தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறிவிடும். இசை திடீரென்று மங்கி, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஆகும். அமைப்புகளில் மைக்காகக் கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்தால் தெளிவு திரும்பும்.

கணினி கீபோர்டைப் பியானோவாக்கும் தளங்களில் இரண்டு சங்கடங்கள். ஒன்று, தமிழ் தட்டச்சு இயக்கத்தில் இருந்தால் பல தளங்களுக்கு விசைகள் புரியாது. ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு வாசியுங்கள். இரண்டு, மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது ஒரு ஸ்வரம் மட்டும் காணாமல் போகும். சாதாரண கீபோர்டில் விசைகள் ஒரு கம்பி வலையில் கோக்கப்பட்டிருப்பதால், சில மூன்று விசைச் சேர்க்கைகளை அதனால் பிரித்தறிய முடியாது. தளத்தின் பிழை அல்ல. அந்த மூன்றை விட்டு வேறு சேர்க்கைக்கு நகருங்கள், அல்லது எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பைக் கணினிக்கு அனுப்பும் யுஎஸ்பி மிடி கீபோர்டு இருந்தால் இணையுங்கள். மிடி இணைப்பு குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் வேலை செய்யும், சஃபாரியில் செய்யாது. முதலில் கீபோர்டைச் செருகிவிட்டுப் பிறகு பக்கத்தைத் திறப்பது நல்லது. அனுமதி கேட்டால் கொடுங்கள்.

சாங் மேக்கரில் நான்கு பார்

கூகுள் 2016-இல் தொடங்கிய குரோம் மியூசிக் லேப்பில் ஒரு டஜனுக்கு மேல் சின்னச் சின்ன ஒலிச் சோதனைகள் இருக்கின்றன. தொடங்குவதற்குச் சிறந்தது சாங் மேக்கர். குறுக்கே போவது நேரம், மேலே போவது சுருதி. கட்டத்தைத் தொட்டால் ஸ்வரம் விழும், மறுபடி தொட்டால் அழியும். கீழே தாளத்துக்கு இரண்டு வரிசை.

திறந்ததும் கட்டங்களைத் தொடாதீர்கள். முதலில் அமைப்புகளுக்குப் போய் நீளம் 4 பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று), பாருக்கு 4 பீட், பீட்டுக்கு 2 பிரிவு, ஸ்கேல் பென்டடோனிக், வீச்சு ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) என்று வையுங்கள். டெம்போ 90. இப்போது குறுக்கே 32 கட்டங்கள், பாருக்கு எட்டு. வீச்சைக் குறைப்பதற்குக் காரணம் உண்டு: தேர்வு குறைந்தால் காது கூர்மையாகும். பென்டடோனிக்கில் ஐந்தே ஸ்வரங்கள், பக்கத்துப் பக்கத்தில் அரைச்சுர இடைவெளி கிடையாது. எதை எதோடு வைத்தாலும் உரசாது என்பதால் சுருதியைப் பற்றிக் கவலைப்படாமல் தாளத்தையும் அமைப்பையும் கவனிக்கலாம்.

கீழ் வரிசைகளில் கனமான ஒலி எது என்று தொட்டுப் பார்த்து, அதை ஒவ்வொரு பாரிலும் 1, 5 கட்டங்களில் வையுங்கள். மெல்லியதை 3, 7-இல். ஓடவிட்டு ஒரு சுற்று கேளுங்கள். பிறகு முதல் பாரில் நான்கே ஸ்வரங்கள். 1, 3, 4, 6 கட்டங்களில் வைத்துப் பாருங்கள். மீதி நான்கும் காலியாகவே இருக்கட்டும். புதியவர்கள் அநேகமாக எல்லாரும் செய்யும் தவறு கட்டங்களை நிரப்புவதுதான். இடைவெளி இல்லாத மெட்டில் எது தொடக்கம் எது முடிவு என்று காதுக்குப் பிடிபடாது.

இரண்டாம் பாரில் அதே 1, 3, 4, 6. உயரங்களை மட்டும் மாற்றுங்கள், கடைசி ஸ்வரம் மேலே ஏறி நிற்கட்டும். கேள்வி கேட்டதுபோல ஒலிக்கும். மூன்றாவது பார் முதல் பாரின் நகல். நான்காவது பார் இரண்டாவதைப்போலவே தொடங்கி, கடைசி ஸ்வரம் அடி வரிசைக்கு இறங்க வேண்டும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். அந்தக் கடைசி ஸ்வரத்தை ஒரே ஒரு கட்டம் மேலே ஏற்றிவிட்டுக் கேளுங்கள், பாட்டு முடியாமல் தொங்கும். இந்த ஒரு வித்தியாசத்தைக் காது பிடித்துவிட்டால் மெட்டமைப்பின் பாதி கைக்கு வந்த மாதிரி.

பாட்டைச் சேமித்துவிட்டு, ஸ்கேலை மேஜருக்கு மாற்றி அதே மெட்டைப் புதிதாக வைத்துப் பாருங்கள். ஏழு ஸ்வரமாகிவிட்டதால் சில கட்டங்கள் ஒன்றோடொன்று உரசும். எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அடுத்த வேலை. அமைப்பை மாற்றுமுன் சேமிப்பதை மறக்காதீர்கள், கட்டங்களின் எண்ணிக்கை மாறும்போது வைத்தவை இடம் மாறவோ மறையவோ கூடும்.

இரண்டு டேப், இரண்டு சுருதி

இதற்குத் தேவை டோன் ஜெனரேட்டர். கொடுத்த அதிர்வெண்ணில் ஒரு ஒலியைத் தொடர்ந்து எழுப்பும் தளம், தேடினால் பல கிடைக்கும். அலை வடிவத்தை மாற்ற விடுவதாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கணினியில் செய்வது நல்லது. போனில் அடுத்த டேப்புக்குப் போனதும் முந்தையது நின்றுவிடலாம்.

தொடங்குமுன் ஒலியளவைக் கால் பங்குக்குக் குறையுங்கள். இது முக்கியம். நம் காது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை மிகவும் கூர்மையானது, 60 ஹெர்ட்ஸில் மிக மந்தமானது. தாழ்ந்த ஒலி கேட்கவில்லையே என்று அளவைக் கூட்டிவிட்டு, அப்படியே அதிர்வெண்ணை மேலே இழுத்தால் ஹெட்ஃபோனில் காதைக் குத்தும். போன் ஸ்பீக்கரால் ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள 100 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் சரியாக எழுப்பவே முடியாது, அளவைக் கூட்டிப் பயனில்லை.

ஒரு டேப்பில் 440, இன்னொன்றில் 441. இரண்டும் சைன் அலை, ஒரே அளவு. விநாடிக்கு ஒரு முறை ஒலி பெருத்துச் சிறுக்கும். 444 ஆக்கினால் விநாடிக்கு நான்கு முறை. வித்தியாசம் எத்தனை ஹெர்ட்ஸோ அத்தனை துடிப்பு. நரம்புக் கருவிகளுக்குச் சுருதி சேர்ப்பவர்கள் இந்தத் துடிப்பு மெதுவாகி மெதுவாகி நிற்பதைத்தான் கேட்டு நிறுத்துகிறார்கள். வித்தியாசத்தை 20, 30 என்று கூட்டினால் துடிப்பு கரகரப்பாக மாறும். இன்னும் விலக்கினால் இரண்டு தனி ஸ்வரங்களாகப் பிரிந்துவிடும். எந்த இடத்தில் பிரிகிறது என்று உங்கள் காதையே கேளுங்கள்.

இப்போது இரண்டையும் ரம்பப்பல் வடிவ அலைக்கு மாற்றி 440, 660 வையுங்கள். ச-வும் ப-வும், விகிதம் 2:3. அசைவே இல்லாமல் நிற்கும். 660-ஐ 659 ஆக்கினால் விநாடிக்கு இரண்டு முறை மெல்ல அலையும். ரம்பப்பல் அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் கலந்திருப்பதால் இது நடக்கிறது: 440-இன் மூன்று மடங்கு 1320, 659-இன் இரண்டு மடங்கு 1318. சைன் அலையில் மடங்குகள் இல்லை, அங்கே இது கேட்காது. பியானோவும் எலக்ட்ரானிக் கீபோர்டும் ஆக்டேவைப் பன்னிரண்டு சமப் படிகளாக, படிக்கு 1.0595 மடங்காகப் பிரிக்கின்றன. அதன்படி 440-க்கான பஞ்சமம் 659.26. அலைவு மெதுவானது என்பதால் உறுத்தாது. காந்தாரம் வேறு கதை. இயல்பான 4:5 விகிதத்தில் 550 வர வேண்டும், கீபோர்டு தருவது 554-க்குக் கொஞ்சம் மேல். 440, 550 வைத்துக் கேட்டுவிட்டு 554-க்கு மாற்றுங்கள். விநாடிக்குப் பதினாறு துடிப்பு, தெளிவான கரகரப்பு. கீபோர்டின் காந்தாரம் குரலோடு ஏன் ஒட்டுவதில்லை என்பதைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட இந்த அரை நிமிடம் நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

குரலைக் கண்ணால் பார்க்க

மியூசிக் லேப்பின் ஸ்பெக்ட்ரோகிராமைத் திறந்து மைக்குக்கு அனுமதி கொடுங்கள். உயரம் அதிர்வெண், நிறம் பலம், படம் நேரத்தோடு ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கும். விசிலடித்தால் அநேகமாக ஒரே கோடு. அதே உயரத்தில் 'ஆ' என்று நீட்டினால் ஏணிப்படிபோல ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடுகள், எல்லாம் அடிப்படை அதிர்வெண்ணின் மடங்குகள். சுருதியை மாற்றாமல் 'ஆ'விலிருந்து 'ஈ'க்கு மெதுவாக நகருங்கள். படிகள் இடம் மாறாது, எந்தப் படி பிரகாசம் என்பது மட்டும் மாறும். 'ஆ'வில் பிரகாசம் கீழே திரண்டிருக்கும். 'ஈ'யில் ஒரு பகுதி 300 ஹெர்ட்ஸ் பக்கமும் இன்னொன்று 2000-க்கு மேலும் பிரிந்து நிற்கும். உயிரெழுத்து என்பது சுருதி அல்ல, வாய் எந்தப் பகுதியைப் பலப்படுத்துகிறது என்பதே. 'ஸ்' என்று நீட்டினால் கோடுகள் மறைந்து மேலே ஒரு மூட்டம் மட்டும் தெரியும். 'ஆல', 'ஆள', 'ஆழ' மூன்றையும் மெதுவாக, ஒரே சுருதியில் சொல்லிப் பாருங்கள். நாக்கு மடங்கும் நேரத்தில் பட்டைகள் வளையும் விதத்தை ஒப்பிடலாம்.

நீண்ட ஒரே ஸ்வரம் தொடங்கிய சில விநாடியில் படத்திலிருந்து மங்கிப்போனால் உங்கள் மூச்சு காரணமல்ல. மைக்கில் இரைச்சல் நீக்கும் வசதி இருந்தால், மாறாமல் நிற்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி அழிக்கும். கணினியின் ஒலி அமைப்புகளில் அதை அணைத்துவிடுங்கள். மைக்கில் பிடிப்பதை அப்படியே திருப்பி ஒலிக்கும் தளமாக இருந்தால் ஹெட்ஃபோன் கட்டாயம். ஸ்பீக்கரில் விட்டால் ஊளையிடும்.

தாளத்தை வட்டமாக

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மியூஸ்எட் லேப் செய்த குரூவ் பீட்சாவில் தாளம் நேர்கோடு அல்ல, வட்டம். சுற்று முடிந்து மறுபடி தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரிவதால் தாளத்துக்கு இந்த அமைப்பே பொருத்தமானது என்பது எங்கள் எண்ணம். 16 துண்டுகள் வைத்து, ஒரு வளையத்தில் 1, 5, 9, 13. சதுரம் கிடைக்கும், நேரான நடை. இன்னொரு வளையத்தில் 1, 4, 7, 11, 13 வையுங்கள். கியூபாவின் சோன் கிளாவே என்ற தாளம் இது. கடைசி அடியை 13-லிருந்து 14-க்குத் தள்ளினால் பிரேசிலின் போஸா நோவா நடை. ஒரே ஒரு துண்டு நகர்ந்ததற்கு உடம்பு ஆடும் விதமே மாறுவதைக் கவனியுங்கள்.

எழுதிப் பார்க்க விருப்பம் இருந்தால் ஸ்ட்ரூடல். கட்டளை எழுதியே இசையை ஓட்டும் தளம். கன்ட்ரோலும் என்டரும் சேர்ந்தால் ஓடும், கன்ட்ரோலும் முற்றுப்புள்ளியும் நிறுத்தும். மேற்கோளுக்குள் எழுதும் ஒலிப் பெயர்கள் ஒரு சுற்றின் நேரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். மாற்றாமல் விட்டால் ஒரு சுற்று 2 விநாடி. நான்கு பெயருக்கு ஆளுக்கு அரை விநாடி. சதுர அடைப்புக்குள் போட்ட பெயர்கள் ஒரே பங்கைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். ஒலிப் பெயரை ஒட்டி வளைவு அடைப்பில் 3, 8 என்று கொடுத்தால் எட்டு இடத்தில் மூன்று அடியை முடிந்தவரை சமமாகப் பரப்பித் தரும்: 1, 4, 7. முதல் சுற்றில் ஒலி வராமல் இருந்தால் பிழை தேட வேண்டாம், ஒலிக்கோப்பு அப்போதுதான் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு சுற்று பொறுங்கள். அதன் பிறகும் அமைதி என்றால் அநேகமாக மூடாத மேற்கோளோ அடைப்போ தான் காரணம்.

இன்னும் சில

பிரான்சின் லியோனில் 2009-இல் பிறந்த இன்க்ரெடிபாக்ஸில் ஏழு உருவங்களுக்கு ஆளுக்கு ஒரு ஒலியை இழுத்துவிட வேண்டும். எல்லா லூப்பும் ஒரே டெம்போவில் பொருந்தும்படி செய்யப்பட்டவை என்பதால் தவறு நேராது. அதனால் அங்கே பயிற்சி சேர்ப்பதில் அல்ல, எடுப்பதில். ஏழையும் நிரப்பிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். எது போனதும் பாட்டு காலியாகிறது, எது போனதே தெரியவில்லை?

2020-இல் வந்த ப்ளாப் ஆபராவில் நான்கு குரல்கள். மேலும் கீழும் இழுத்தால் சுருதி, முன்னும் பின்னும் இழுத்தால் உயிரொலி. அடிக்குரலை மட்டும் பிடித்து நகர்த்தி, மற்றவை எப்படி இடம் கொடுக்கின்றன என்று கேளுங்கள். ஒழுங்காகப் பாடம்போலப் படிக்க விரும்புபவர்களுக்கு ஏபிள்டன் நிறுவனத்தின் லேர்னிங் மியூசிக், லேர்னிங் சின்த்ஸ் இரண்டும் போதும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை, வரிசை மாறாமல் போவது நல்லது.

ஒலி நடுவில் வெடித்து வெடித்து வந்தால் மற்ற டேப்புகளை மூடுங்கள், மடிக்கணினியில் மின்சிக்கன நிலையை அணையுங்கள். சில தளங்கள் வேறு டேப்புக்குப் போனதும் நின்றுவிடும். படம் அசைவதை வைத்து நேரம் கணக்கிடுபவை அவை. பக்கத்தைத் தனிச் சாளரமாகப் பிரித்துத் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ததை வைத்துக்கொள்ள

கணக்கு இல்லாத தளத்தில் 'என் பாடல்கள்' என்ற பட்டியலும் இருக்காது. சாங் மேக்கரில் சேமித்தால் ஒரு முகவரி கிடைக்கும், அது தொலைந்தால் பாட்டும் தொலைந்தது. திருத்திச் சேமித்தால் புது முகவரி வரும், இரண்டையும் தேதியோடு எழுதிவையுங்கள். அங்கேயே மிடி, வேவ் என்று இரண்டு வகையில் இறக்கலாம். வேவ் என்பது ஒலியே. சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி, யாருக்கு அனுப்பினாலும் கேட்கும். மிடியில் ஒலி இல்லை, எந்த ஸ்வரம் எப்போது எவ்வளவு நேரம் என்ற குறிப்பு மட்டும். சில கேபியில் அடங்கும். இசை மென்பொருளில் திறந்து கருவியையும் டெம்போவையும் மாற்றிக்கொள்ளலாம். பாட்டை மேலும் வளர்க்க நினைத்தால் மிடியை விடாதீர்கள். மிடியிலிருந்து வேவ் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், வேவிலிருந்து மிடிக்குத் திரும்புவது கடினம்.

இறக்கும் வசதியே இல்லாத தளங்களில் திரைப்பதிவு உதவும். பதிவைத் தொடங்குமுன் மைக்கை அணைத்து, கணினியின் சொந்த ஒலியைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஸ்பீக்கரிலிருந்து வருவதை மைக் பிடித்து, அறையின் எதிரொலியோடு பதிந்துவிடும். விண்டோஸில் ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருள் வைத்திருப்பவர்கள் வாசாபி முறையில் லூப்பேக் என்று குறித்த சாதனத்தைத் தேர்ந்தெடுத்தால் கணினியில் ஒலிப்பது நேராகப் பதிவாகும். முதலில் பத்து விநாடி பதிந்து கேட்டுப் பாருங்கள். அலை மேலேயும் கீழேயும் விளிம்பில் முட்டி வெட்டுப்பட்டிருந்தால் தளத்தின் ஒலியளவைக் குறைத்துவிட்டு மறுபடி பதியுங்கள். வெட்டுப்பட்ட ஒலியைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது.